ஏழரை

அவர் தோற்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சங்கக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மடிக்கணினிக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் விசைகளின் மேல் நின்றது. மற்ற விரல்களை மடக்கி வைத்திருந்தார், யாரையோ எச்சரிப்பதுபோல. திரையில் சீருடை போட்ட சின்ன உருவம் ஒன்று ஓடியது. பள்ளிக் கேட்டு மூடியது. 'வரவில்லை' என்று சிவப்பில் எழுத்து வந்தது. அவர் மூக்கால் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினார். அன்று காலையில் மட்டும் பதினொரு தடவை தோற்றார். எண்ணியது நான்தான். அத்தனை வருடங்களில் எங்கள் பள்ளியில் யாரும் அவரை ஒரு தடவைகூடத் தோற்கடித்ததில்லை. அதனால் எண்ணுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

அவர் எங்கள் இடைநிலைப்பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர். கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் இருந்த பள்ளி அது. காலை ஏழு மணிக்கே கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். கடிகாரத்தைப் பார்ப்பார், சாலையைப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார். ஏழரை ஆனதும் கேட்டு மூடும். ஓடிவருகிற பிள்ளையின் மூக்கு கம்பியில் இடித்தாலும் மூடும். ஒருமுறை முதல்வரின் மகளே வெளியே நின்றாள். இதனால் பிள்ளைகள் அவருக்கு 'ஏழரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏழரை மணிக்கும் சரி, பிடித்தால் ஏழரை வருஷம் விடாத சனிக்கும் சரி, ஒரே பெயர் பொருந்திப் போயிற்று. மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும்கூட அர்த்தம் தெரியாமலே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள். ஆசிரியர் அறையில் நாங்களும் அப்படித்தான் சொன்னோம், அவர் இல்லாதபோது.

கேட்டு மூடியபின் வருகிறவர்கள் வெளியே வரிசையாக நிற்கவேண்டும். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பெயரையும் வந்த நேரத்தையும் எழுதிக்கொள்வார். எட்டு மணிக்கு உள்ளே விடுவார். அதற்குள் வகுப்பாசிரியர்களான நாங்கள் வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றி முடித்திருப்போம். நான் பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் மூன்றாம் படிவத்துக்கு வகுப்பாசிரியை. ஏழு ஐம்பதுக்கு நாற்காலியில் ஆள் இல்லாவிட்டால் 'வரவில்லை'. பிறகு வந்து சேர்ந்தவர்களின் பதிவைத் திருத்தி 'தாமதம்' என்று மாற்றவேண்டும் என்பது விதி. ஆனால் எங்கள் பள்ளி இணைய வேகத்தில் அந்தப் பக்கம் திறக்கவே கால்மணி நேரம் ஆகும். பெரும்பாலும் எப்படியோ திருத்திவிடுவேன், சில நாள் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று மூடிவைத்துவிடுவேன். நாளைக்கு நாளைய வேலை இருக்கும்.

அந்த வகுப்பில் காப்பாரிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். நோட்டின் ஓரமெல்லாம் படம் போட்டுவைப்பாள். என் பதிவின்படி அவளுக்கு அந்த வருடம் பதினேழு நாள் வருகை இல்லை. இத்தனை நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம், இத்தனைக்கு இரண்டாவது, அதையும் தாண்டினால் மூன்றாவது, அதோடு பள்ளியிலிருந்து பெயர் நீக்கம். இரண்டாவது கடிதம் போனபோது அவள் அப்பா நேரில் வந்தார். வடக்கே தெற்கே என்று லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கட்டொழுங்கு ஆசிரியரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே, "இன்னொரு லெட்டர் வந்துச்சுன்னா நானே நிறுத்திடுறேன் சார். நீங்க நீக்கி, அந்தச் சிரமம் உங்களுக்கு வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேசிய வார்த்தையைக் காப்பாற்றுகிற மனிதர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அந்தப் பெண்ணிடம் நானும் கேட்டேன், அவரும் கேட்டார். ஏன் லேட்டு, ஏன் வரவில்லை? எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான்: "எந்திரிக்க லேட்டாயிடுச்சு சார்." ஊமையன் பேச்சுக்காவது அர்த்தம் கண்டுபிடித்துவிடலாம், இந்தப் பெண்ணிடம் முடியாது என்று நான் எரிச்சலோடு சொல்லிக்கொண்டு திரிந்தேன். வருடத்தின் கடைசிப் பள்ளி நாளன்று கணினி பதினேழு என்று எண்ணிச் சொல்லி, மூன்றாவது கடிதத்தை அச்சடித்துத் தந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். அன்று போட்ட முப்பது கையெழுத்துகளில் அதுவும் ஒன்று.

ஆண்டிறுதி விடுமுறையில்தான் அந்த பிரிக்பீல்ட்ஸ் முகாம். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றுக்கொள்ளும் பத்து நாள் பயிற்சி. எனக்கும் அவருக்கும் அந்த வருடப் பயிற்சி மணிநேரம் குறைவாக இருந்ததால் முதல்வர் எங்களை அனுப்பிவைத்தார். ஆசையாகப் போனோம் என்று சொன்னால் அது பொய். மூன்று மாணவர்கள் வருவதாக இருந்தது. இருவரை அவர்கள் பெற்றோர் டியூஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது அவள் ஒருத்தி. படம் போடுவாளே என்று முன்பே நான்தான் அவள் பெயரைக் கொடுத்திருந்தேன். கடிதம் போகப்போகிற பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்று அவரிடம் கேட்டேன். "பேரு குடுத்தாச்சு. கடைசியா ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும், டீச்சர்" என்றார். அவள் அப்பாவின் லோரி பட்டறையில் கிடந்ததால் அவர் அந்த இரண்டு வாரம் வீட்டில் இருந்தார். அதனால்தான் அவளால் வர முடிந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. தினமும் காலையில் நானும் அவளும் கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி வருவோம், அவர் தன் காரில் வருவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். எந்த நாளும் ஒரு நிமிடம்கூடத் தாமதித்து ஸ்டேஷனுக்கு வந்ததில்லை. அதை நான் கவனிக்கத்தான் செய்தேன். விடுமுறையில் மட்டும் எழுந்திருக்க முடிகிறதாக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பயிற்றுநர், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு விளையாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கும் இளம்பெண். முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டாள். விளையாட்டை உருவாக்குவது மாணவர்கள். ஆசிரியர்கள் விளையாடிப் பார்க்கிறவர்கள், அவ்வளவுதான். "விளையாடறப்ப வாயே தெறக்கக்கூடாது சார். முடிச்சப்புறம் எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு மட்டும் சொல்லலாம். இப்படி மாத்து, அப்படி மாத்துன்னு சொல்லவே கூடாது." எங்கள் கட்டொழுங்கு ஆசிரியர் முகத்தில் அப்போது தெரிந்ததைப் பார்க்க முழுப் பள்ளியும் டிக்கெட் வாங்கி வந்திருக்கும். ஆனால் விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மீறுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் மாணவி செய்த விளையாட்டு மிகச் சாதாரணம். காலை ஆறே முக்கால். ஒரு வீடு. ஒரு அக்கா, ஐந்து வயதுத் தம்பி. தம்பிக்குச் சட்டை போட்டுவிட்டு, பிஸ்கட்டும் மைலோவும் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, அக்கா தன் பள்ளிக்கு ஓடவேண்டும். தம்பி மெதுவாகத்தான் நடப்பான். நடுவில் செருப்பு கழன்றுவிடும். ஆனாலும் சரியாக விளையாடினால் ஏழு மணிக்கெல்லாம் பாலர் பள்ளிக்குப் போய்விடலாம். அங்கேதான் சிக்கல். பாலர் பள்ளிக் கதவு ஏழரைக்குத் திறக்கும். பெரிய பள்ளிக் கேட்டு ஏழரைக்கு மூடும்.

இரண்டாம் நாள் அவள் விளையாட்டுக்குப் பெயர் வைத்தாள். பச்சை எழுத்தில், திரை முழுக்க: ஏழரை. கேட்டுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மெலிந்த உருவம் ஒன்று நின்றது, அரைக்கைச் சட்டை, பையில் நோட்டு. அறையில் இருந்த மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் தெரியும். அந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவர் பெயரைப் பார்த்தார். உருவத்தைப் பார்த்தார். அவளும் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கீழே சாலையில் ஒரு பஸ் போனது. பிறகு அவர், "சட்டையை உள்ள விட்டிருப்பேன் நான். படத்துல வெளிய கெடக்கு" என்றார். அவள் மறுபேச்சில்லாமல் மவுசை எடுத்துச் சட்டையை உள்ளே விட்டாள்.

அன்றிலிருந்து அவர் அந்த விளையாட்டை விடவில்லை. தோற்றார், தோற்றார், தோற்றுக்கொண்டே இருந்தார். தம்பிக்கு மைலோ கொடுக்காமல் பார்த்தார். அவன் வழியில் உட்கார்ந்துகொண்டான். குறுக்கு வழியில் போனார், நாய் துரத்தியது. முடித்தபிறகு பேசலாம் என்ற விதிப்படி, மூன்றாம் நாள் மாலை அவளிடம், "இதுல தப்பு இருக்கு. ஜெயிக்க வழி இல்லாத வெளையாட்டு வெளையாட்டே இல்ல" என்றார். அவள், "வழி ஒண்ணு இருக்கு சார்" என்றாள். என்ன வழி என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தோல்வி என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அந்தப் பத்து நாளும் முள்ளின் மேல் இருப்பதுபோல இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் படம் வரைந்துகொண்டிருப்பாள். இந்தப் பக்கம் அவளுடைய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவள் உருவாக்கிய அக்காவைக் காப்பாற்றப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் நான், கடிதமும் விளையாட்டும் தெரிந்தவள், பிஸ்கட் தின்றுகொண்டிருப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு ஒன்றும் செய்யவில்லை.

கடைசி நாள் சனிக்கிழமை. எல்லாப் பள்ளிகளும் தங்கள் விளையாட்டைப் பெரிய திரையில் காட்டவேண்டும். எங்கள் முறை வந்ததும் விளையாடிக் காட்ட அவர் போய் உட்கார்ந்தார். கூட்டத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். தம்பி சட்டை போட்டான், மைலோ குடித்தான், செருப்பு கழன்றது, மாட்டினான். ஏழு மணி. பாலர் பள்ளிக் கதவு மூடியிருந்தது. அக்காவும் தம்பியும் கைகோத்து நின்றார்கள். திரை மூலையில் நிமிடம் ஓடியது. அவர் விரல் எல்லா விசைகளின் மேலும் அலைந்து, கடைசியில் அதுவரை தொடாத நீளமான விசையை அழுத்தியது. கை விட்டுப்போயிற்று. தம்பி கதவுக்கு முன்னால் தனியாக நின்றான், அக்கா ஓடத் தொடங்கினாள். இப்போது வேகமாக ஓடினாள். ஏழு இருபத்தெட்டுக்குக் கேட்டுக்குள் நுழைந்தாள். பச்சையில் 'வந்தாள்' என்று எழுத்து வந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் நாற்காலியைத் திருப்பிச் சிரித்தார். அவர் பல் வரிசையை நான் அன்றுதான் பார்த்தேன். "பாத்தியா, வழி இருந்துச்சுல்ல" என்றார். அவள் மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். கையில் மைக் இருந்ததால் மெதுவாகச் சொன்னதும் அறை முழுக்கக் கேட்டது. "ஆமா சார். ஒரு நாள் நான் அப்படித்தான் வந்தேன்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "தம்பி?" என்றார்.

"என் பின்னாலயே ரோட்டுக்கு வந்துட்டான் சார். லோரி போற ரோடு. நாசி லெமாக் பொட்டலம் விக்கிற ஆன்டிதான் புடிச்சு வெச்சிருந்தாங்க. அப்புறம் நான் அப்படி வரல."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வேர்த்து விறுவிறுத்து ஏழரைக்கு முன்னால் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தாள். நான் மொத்த வகுப்புக்கும் கேட்கிற மாதிரி, "பாத்தீங்களா? மனசு வெச்சா முடியும்" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னேன். வகுப்பு கைதட்டியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம் என்று நான் நினைத்தேன்.

அவர் என்னை மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். "அந்தப் பதினேழு நாளைச் சொல்லுங்க டீச்சர்" என்றார். என் கைபேசியில் வருகைப் பதிவு இருந்தது. ஒவ்வொரு நாளாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தாளைப் புரட்டி, விரலை வைத்து, நேரத்தைப் படித்தார். ஏழு ஐம்பத்திரண்டு. ஏழு ஐம்பது. ஏழு ஐம்பத்தைந்து. பதினேழு நாளும் அவள் கேட்டில் வந்து நின்று பெயர் கொடுத்திருந்தாள். என் கணினியில் 'வரவில்லை', அவர் பையில் 'வந்தாள்'. இரண்டும் ஒரே பள்ளியில் இருந்தன, ஒரு நாளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. பதினேழாவதையும் படித்து முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளி எழுத்தரைப் போனில் அழைத்தார். கடிதம் வியாழக்கிழமையே பதிவுத் தபாலில் போய்விட்டதாக எழுத்தர் சொன்னார். "அவ வீட்டுக்குப் போகலாம்" என்றார் அவர்.

அவள் ஏதும் கேட்காமல் வந்து அவர் காரில் ஏறினாள், பின்னால் என் பக்கத்தில். தபால்காரர் சனிக்கிழமை வருவாரா, வந்திருந்தால் அப்பா கையில் கொடுத்திருப்பாரா, ஃபெடரல் ஹைவேயில் இந்த நேரம் நெரிசல் எப்படி என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஹைவே முழுக்கச் சிவப்பு விளக்காக நின்றது. வேகக் கட்டுப்பாட்டை வாழ்க்கையில் மீறாத அந்த மனிதர் இந்தத் தடத்துக்கும் அந்தத் தடத்துக்கும் மாறி மாறி ஓட்டினார். ஒரு லோரி ஹார்ன் அடித்தது. ஷா ஆலம் தாண்டியபோது அவள் முன்னால் சாய்ந்து, "சார், மெதுவா போங்க. லெட்டர் நேத்தே வந்துடுச்சு" என்றாள்.

கார் வேகம் குறைந்தது. அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "அப்பா பாத்தாரா?"

"அப்பாவுக்கு அந்த மாதிரி மலாய் படிக்க வராது சார். பேசுவாரு, லெட்டர் படிக்க வராது. எல்லா லெட்டரும் நான்தான் படிச்சுக் காட்டுவேன். மொதல் ரெண்டும் நான்தான் படிச்சேன். நேத்தும் படிச்சேன்."

பெற்றோருக்கு என்று நாங்கள் அனுப்பிய கடிதத்தை அந்த வீட்டில் யார் படிப்பார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. தன் மேல் விழுந்த தீர்ப்பை மூன்று தடவை அவளே உரக்கப் படித்திருக்கிறாள், எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று மேடையில் நின்றிருக்கிறாள். பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியே பேர் வாங்கிய அந்த மனிதர் கேட்டார்: "ஏம்மா மாத்திப் படிக்கல? பள்ளிக்கூடம் தெறக்குற தேதின்னு ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நான் தடுமாறாம படிக்கிறத அப்பா பாத்துக்கிட்டே இருந்தாரு சார். அரசாங்க மலாயைக்கூட என் பொண்ணு எப்படிப் படிக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு. அதுல போய் எப்படி சார் மாத்துறது?"

காப்பார் போய்ச் சேர ஐந்தரை ஆயிற்று. அப்பா வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு நாற்காலி எடுத்துவந்தார். கடிதம் அவர் சட்டைப்பையில் நான்காக மடித்து இருந்தது. "கிள்ளான்ல துணிக்கடைல இவ வேலைக்குச் சொல்லிட்டேன் சார். திங்கக்கெழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு வீண் அலைச்சல்" என்றார். கட்டொழுங்கு ஆசிரியர் உட்காரவில்லை. "அந்த லெட்டர் தப்பு" என்றார்.

"எது சார் தப்பு? பேரா? நாளா?" அப்பா கடிதத்தைப் பிரித்தார். "கீழ உங்க கையெழுத்துதானே?"

அந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அப்பாவும் அவர் பார்வையைத் தொடர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேசவேண்டிய நேரம் அது. வாய் திறக்கத்தான் பார்த்தேன். என் பெயர் மேலிடத்துக்குப் போகும், விசாரணை வரும், பதவி உயர்வு நிற்கும் என்றெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் எப்படித்தான் தோன்றியதோ. நான் மோட்டாரின் சக்கரத்தைப் பார்த்தேன். அவர் என்னிடமிருந்து பார்வையை எடுத்துவிட்டு, "கையெழுத்து என்னோடதுதான். தப்பும் என்னோடதுதான். நோட்டு என் பைலயே இருந்துச்சு, பாக்காமப் போட்டுட்டேன்" என்றார். கடிதத்தை வாங்கி, காரின் பானெட்டில் வைத்து, பின்பக்கத்தில் தமிழில் எழுதினார். பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். அவள் வாங்கக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. "அப்பா படிக்கட்டும்" என்றார்.

அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். "உங்கள் மகள்... பதினேழு நாளும்... பள்ளிக்கு வந்தாள். தாமதமாக வந்தாள். வரவில்லை என்று எழுதியது எங்கள் தவறு." படித்துவிட்டுத் தாளைத் திருப்பி மலாய்ப் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கத்தைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் நீங்கதான் எழுதியிருக்கீங்க சார். நான் எதை நம்புறது?"

"நீங்களே படிச்சீங்கல்ல, அதை நம்புங்க" என்றார் இவர்.

அப்பா மகளைப் பார்த்து, "ஏன் லேட்டு?" என்றார். அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். கதவருகில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மாதான், யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "பாலர் பள்ளி ஏழரைக்குத்தானே தெறக்குது" என்றாள். அம்மா ஐந்தே முக்காலுக்கு ஃபேக்டரி பஸ் ஏறுகிறவள். "இவ எப்படி ஏழரைக்குப் பெரிய பள்ளிக்கூடத்துல இருப்பா?" என்று மறுபடியும் சொன்னாள். இந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்துவிட்டால் அம்மா வேலையை விட்டுவிடுவாள் என்று பயந்துதான் அந்தப் பெண் வருடம் முழுக்க 'எந்திரிக்க லேட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, துணிக்கடைக்காரரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

விடுமுறை முடிவதற்குள் தன் தவறு என்று எழுதிக் கொடுத்து, அவள் பெயர் நீக்கத்தை அவர் ரத்து செய்துவிட்டார். புது வருடம் பள்ளி திறந்த அன்றும் ஏழரைக்குக் கேட்டு மூடியது. விதியை அவர் மாற்றவில்லை. மாற்றுவார் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது. எட்டு வரை நிறுத்திவைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். அந்த வருடம் என்னை அதே பிள்ளைகளோடு நான்காம் படிவத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஏழு ஐம்பத்திரண்டுக்கு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவள். "வந்துட்டா. எழுதுங்க டீச்சர்" என்றார். அவள் போய் உட்கார்ந்தாள், அவர் போகவில்லை. கணினியில் அந்தப் பக்கம் திறக்கும்வரை, கால்மணி நேரம், முழு வகுப்பும் பார்க்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் 'தாமதம்' என்று மாற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். மறுநாளும் வந்தார். ஓய்வு பெறும் நாள்வரை வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது, பிறகு அவமானமாக இருந்தது, பிறகு பழகிப்போயிற்று. அந்தப் பதினேழு நாளில் என் பங்கைப் பற்றி அவர் முதல்வரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தாள். இப்போது கிள்ளான் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறாள். கட்டொழுங்கு ஆசிரியர் போன வருடம் காலமானார். நான் இப்போது பெட்டாலிங் ஜெயாவில் வேறு பள்ளியில் இருக்கிறேன். வருகைப் பதிவைக் கைபேசியிலேயே ஒரு நொடியில் திருத்தலாம். விடுமுறை முகாமுக்கு வருடந்தோறும் ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் கூட்டிப்போகிறேன், அவர்கள் மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். அவளுடைய வாழ்த்துக்குப் பதில் எழுதும்போதெல்லாம் ஒரு வரி அதிகமாக எழுத நினைத்து, அழித்துவிட்டு, நன்றி என்று மட்டும் அனுப்புவேன். அவர் எனக்காக 'எங்கள் தவறு' என்று எழுதியதை அந்தக் குடும்பம் இன்றும் அவருடைய தவறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. பதினேழு நாளும் அவள் வந்தாள். வரவில்லை என்று எழுதியது நான்.